வீட்டுக்கு வரும் முதல் மடிக்கணினி

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும், கணினித் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். "தம்பி, பாப்பா பிசிஏ சேர்ந்திருக்கா. கோடிங் கத்துக்கணும், லேப்டாப் வேணும்கறா. எது வாங்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடலாம்." ஒரு மாடல் பெயரைச் சொன்னால் முடிந்துவிடும் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது, மகளிர் குழுவில் கடன் எழுதப்படுகிறது, ஷோரூமில் நிதி நிறுவனத்தின் ஆள் நீட்டும் தவணைத் தாளில் அப்பா கையெழுத்திடுகிறார். வசதியுள்ள வீட்டில் தவறாக வாங்கிய மடிக்கணினியை இரண்டு ஆண்டில் மாற்றிவிடலாம். இந்த வீடுகளில் அது ஒரே ஒரு முறை நடக்கும் கொள்முதல். வாங்கியது எதுவோ அதை வைத்துத்தான் மூன்று, நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளை படித்தாக வேண்டும்.

ஆகவே இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்வது பொறுப்பற்ற செயல் என்று நான் நினைக்கிறேன்.

நிரல் எழுதக் கற்பதற்கு உண்மையில் எவ்வளவு பெரிய கணினி வேண்டும்? 1991 ஜனவரியில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் 386 சில்லும் 4 எம்பி நினைவகமும் கொண்ட ஒரு கணினியை வாங்கினார். முழுப் பணம் கையில் இல்லாததால் மூன்றாண்டுத் தவணையில் வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தார். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இயங்குவது அந்த முயற்சியில் பிறந்த லினக்ஸ் கெர்னல்தான். இன்றைய மலிவான மடிக்கணினியில்கூட அவருடைய கணினியில் இருந்ததைப்போல் ஆயிரம் மடங்கு நினைவகம் இருக்கிறது. முதலாண்டு மாணவி எழுதப்போகும் சி நிரலும் பைத்தான் நிரலும் ஒரு வலைப்பக்கமும் அந்த இயந்திரத்துக்கு ஒரு சுமையே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் சொல்லி, "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்று அனுப்பிவிடவும் முடியாது. இன்று யாரும் நிரலை மட்டும் திறந்துவைத்துப் படிப்பதில்லை. ஒரு பக்கம் யூடியூபில் பாடம் ஓடும். இன்னொரு பக்கம் பிரவுசரில் ஐந்தாறு டேப், அதில் ஒன்றில் கல்லூரியின் வகுப்புப் பக்கம், ஒன்றில் சந்தேகத்துக்குத் தேடிய விளக்கம். நிரல் எழுதும் விஎஸ் கோட் திறந்திருக்கும். இவற்றின் அடியில் விண்டோஸும் அதன் வைரஸ் பாதுகாப்பும் ஓடிக்கொண்டிருக்கும். 4 ஜிபி ரேம் இங்கேதான் தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் கணினி, நினைவகத்தில் இடமில்லாததை வட்டில் எழுதிவைத்துத் தேவைப்படும்போது எடுக்கத் தொடங்கும். அந்த வட்டும் மெதுவானதாக இருந்துவிட்டால், ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கே காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு என்ன செய்கிறது என்பதைத்தான் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் யோசிப்பதில்லை. நிரலாக்கம் பிழைகள் வழியாகவே வரும் கல்வி. ஓர் அரைப்புள்ளியை விட்டுவிடுவோம், கணினி பிழை சொல்லும், திருத்துவோம், மறுபடி ஓட்டுவோம், வேறொரு பிழை வரும். நல்ல நிரலாளர் ஒருவர் நாளெல்லாம் செய்வதும் இதைத்தான். எழுதியதற்கும் விளைவைப் பார்ப்பதற்கும் இடையில் சில நொடிகளே இருந்தால், "இப்படி மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்கும் துணிவு தானாக வரும். ஒவ்வொரு முறையும் திரை உறைந்து நின்றால், அந்த மாணவி கேட்பதைக் குறைத்துக்கொள்வாள். மனப்பாடம் செய்த நிரலை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிவைப்பாள். இதில் மிகக் கொடியது இதுதான்: அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கணினி இல்லை. அதனால் இயந்திரம் மந்தமாக இருக்கிறது என்று அவள் நினைப்பதில்லை, தனக்கு இது வரவில்லை என்று நினைக்கிறாள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இந்த எண்ணம் ஏற்கெனவே பாதி இருக்கும். மீதியை இந்தக் கணினி நிரப்பிவிடுகிறது.

அதனால் என் கணக்கில் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ரேம் 8 ஜிபி இருக்க வேண்டும், அல்லது பிற்பாடு அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ள உள்ளே இடம் இருக்க வேண்டும். வட்டு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் பேரம் பேசக்கூடியவை. திரை 1920-க்கு 1080 புள்ளி இருந்தால் ஒரே பார்வையில் அதிக வரிகள் தெரியும், கண்ணுக்கும் இதம். விசைப்பலகை உறுதியாக இருக்க வேண்டும். சில்லின் வேகம், கேமரா, தடிமன் ஆகியவற்றால் கற்றல் நின்றுவிடாது.

ஆனால் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் புதிதாகத் தேடுகிறவருக்குக் கடை அலமாரி காட்டுவது என்ன? மெல்லிய, பளபளக்கும் உடல். உள்ளே பெரும்பாலும் செலரான் வகைச் சில்லு, பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த 4 ஜிபி ரேம், 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி. இஎம்எம்சி என்பது கைப்பேசிகளில் வைக்கும் சேமிப்பகம். எஸ்எஸ்டியைவிட மெதுவானது, கழற்றி மாற்றவும் முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அந்த அளவில் கணினி திறக்கும், அவ்வளவுதான். சில மாதங்களில் விண்டோஸின் புதுப்பிப்புகள் இறங்குவதற்கே இடம் போதாமல் எச்சரிக்கை வரத் தொடங்கும். ரேமும் சேமிப்பகமும் மாற்ற முடியாதவை என்பதால் அந்த இயந்திரத்துக்கு மருந்தே இல்லை. குறைந்த பணம் வைத்திருப்பவருக்கு, சரிசெய்யவே முடியாத பொருளை விற்பதை நான் ஏற்க மாட்டேன். பணமில்லாதவருக்குத்தான் ஒரு பொருள் அதிக நாள் உழைக்க வேண்டும்.

பெயர்களும் வாங்குகிறவருக்கு உதவுவதில்லை. ஏஎம்டியின் ரைசன் 3 7320யு 2022-இல் வெளிவந்த சில்லு, 7000 வரிசை. அதற்குள் இருக்கும் ஜென் 2 கட்டமைப்போ 2019-இல் வந்தது. இதை அறிய அந்த எண்ணின் மூன்றாம் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது எந்த அப்பாவுக்குத் தெரியும்? இன்டெலில் இது வேறு விதம். ஐ7 என்று பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் 2013-ஆம் ஆண்டின் நான்காம் தலைமுறையாக இருக்கும். அதைவிட 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 வேகமானது. மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பதுபோல இங்கே தலைமுறை எண்ணைப் பார்க்க வேண்டும். அதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் என் பரிந்துரை பழைய அலுவலக மடிக்கணினி. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கைமாற்றும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி தெருவுக்கும் மற்ற நகரங்களின் கணினிக் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவற்றின் விசைப்பலகையும் கீலும் உறுதியானவை. பெரும்பாலானவற்றில் சில திருகுகளைக் கழற்றினால் ரேமும் எஸ்எஸ்டியும் தெரியும். திங்க்பேட் டி480-இல் ரேமுக்கு இரண்டு இடம் உண்டு, பேட்டரியைப் பின்பக்கத்திலிருந்தே கழற்றி மாற்றலாம். இன்று 8 ஜிபியில் தொடங்கி, அடுத்த ஆண்டு கையில் காசு வரும்போது 16 ஆக்கலாம். வசதி சிறுகச் சிறுகத்தான் வரும் குடும்பத்துக்கு இப்படி வளரும் கணினிதான் பொருந்தும்.

பழையது வாங்குவதில் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு விஷயங்களை நான் குறிப்பாகச் சொல்வேன். ஒன்று, பூட்டு. சில கணினிகளில் பயாஸ் கடவுச்சொல் இருக்கும். சிலவற்றை இணையத்தோடு இணைத்து விண்டோஸைப் புதிதாக அமைத்தால், முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்டு அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் கடையிலேயே செய்துபார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். மற்றொன்று பேட்டரி. கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி கொடுத்தால் விண்டோஸே பேட்டரி அறிக்கை தரும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும், மூடித் திறந்து கீலைப் பார்ப்பதும், பில்லும் சில மாத உத்தரவாதமும் கேட்பதும் யாரும் செய்யக்கூடியவை. முதல்முறை போகிறவர்கள் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகளில் மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நல்ல நிலையில் இருந்தும் ஒதுக்கப்படுகின்றன. படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு. லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இலவசம், தொடர்ந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வரும். பைத்தான் கூடவே வரும், சி கம்பைலரை ஒரே வரியில் நிறுவலாம். நாளை அவள் வேலைக்குப் போனால் தொடப்போகும் சர்வர்களிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான் இருக்கும். கல்லூரித் தேர்வுக்கு விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் எதுவும் கட்டாயமா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். கட்டாயம் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வாங்குவதே நல்லது.

இயந்திரம் கையில் வந்தால் மட்டும் போதுமா என்பதை நம் மாநிலம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. வீட்டில் கணினியையே பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் விசைப்பலகை அதுதான். அந்தத் திட்டத்தை இகழ்ந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தொடக்கத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிரலாக்கம் கற்க அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அதைத் திறந்து காட்ட ஓர் ஆசிரியர் வாய்த்த பள்ளிகள் எத்தனை இருந்திருக்கும்? பெரு நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு எக்ஸ்ஓ மடிக்கணினிகளைப் பெருமளவில் கொடுத்தபோதும் இதே பாடம்தான் கிடைத்தது. 2012-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறியதற்குச் சான்று இல்லை என்றது. கணினி வந்தது, கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நிரல் கற்க விரும்பும் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், விசைப்பலகையோடு வரும் மடிக்கணினியையே கேட்டு வாங்கட்டும்.

கணினி வாங்கவே முடியாத வீடும் இருக்கிறது. அங்கே கைப்பேசியில் தொடங்குவதை யாரும் இழிவாகப் பேசக் கூடாது. பைத்தானைக் கைப்பேசியிலேயே ஓட்டும் செயலிகள் உண்டு. கூகுள் கொலாப் போன்ற இடங்களில் நாம் எழுதும் நிரல் அவர்களுடைய கணினியில்தான் ஓடுகிறது. ஒரு கம்பியும் சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையும் இருந்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் தட்டச்சு செய்யலாம். சிறிய திரையில் இது கடினம்தான். ஆனால் மாறிகள், நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு வரை இப்படியே வந்துவிடலாம். அதற்குள் தனக்கு இதில் ஈடுபாடு இருக்கிறதா என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கடன் வாங்குவதற்கு முன் அது தெரிவது நல்லது.

பயிற்சி மையங்களிலும் சில கல்லூரிகளிலும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் "16 ஜிபி, ஐ7, கிராபிக்ஸ் கார்டு" என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். கேட்டால், பின்னால் ஏஐ படிக்க வேண்டும் என்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டு பாடத்தில் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும் இடம் ஏறக்குறைய இல்லை. பிற்பாடு தேவைப்பட்டாலும் கொலாபில் குறிப்பிட்ட அளவுக்கு இலவசமாகவே அது கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவது மட்டும் உண்மையிலேயே கனமான வேலை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கே 8 ஜிபி வேண்டும், அதற்குள் பொய்க் கைப்பேசி ஒன்றை ஓட்டினால் 16 வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. சொந்தக் கைப்பேசியைக் கம்பியில் இணைத்து, எழுதிய செயலியை நேராக அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். இதை ஓர் ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை செய்து காட்டினால், பல வீடுகளில் முப்பதாயிரம் ரூபாய்க் கடன் குறையும். தேவையில்லாத ஒரு வரியை அந்தத் தாளில் எழுதுகிறவர், அதை அடைக்கப்போகும் தவணைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலை உயர்ந்த கணினிக்கு இன்னொரு கேடு உண்டு. அது வீட்டில் எல்லோரையும் பயமுறுத்துகிறது. உறை போட்டு பீரோவில் வைக்கிறார்கள். "தேவையில்லாததை அமுக்கிடாதே, கெட்டுப்போயிடும்" என்கிறார்கள். அண்ணனோ தம்பியோ இருந்தால் அது மெல்ல அவன் கைக்குப் போய்விடுகிறது, படிக்கிற பெண் கேட்டு வாங்க வேண்டியதாகிறது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையும் முன்பயிற்சியும் குறைந்துவருவதைக் கண்டு கவலைப்பட்டவர்கள்தான், 2012-இல் 35 டாலருக்கு ராஸ்பெரி பை கணினியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு கணினி வேண்டும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பழைய திங்க்பேடும் அந்த வேலையைச் செய்யும். இயங்குதளத்தை அழித்துவிட்டாளா? ஒரு பென்டிரைவிலிருந்து ஒரு மணி நேரத்தில் மறுபடி போட்டுவிடலாம். அப்படி இரண்டு முறை தானே போட்டுப் பார்த்தவளுக்கு, கணினி என்பது யாரோ கொடுத்த பெட்டியாக இனி இருக்காது.

உதவிக்கு ஆட்களும் இருக்கிறார்கள். கணியம் அறக்கட்டளை நிரலாக்கத்தையும் கட்டற்ற மென்பொருளையும் பற்றிய தமிழ்க் கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாக வெளியிடுகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வருகிறவர்களுக்குக் கட்டணமில்லாமல் கைகொடுக்கின்றன. "என் கணினியில் லினக்ஸ் போட்டுத் தாருங்கள்" என்று போய் நிற்கும் மாணவியை அங்கே யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கணினித் துறையில் வேலை செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊரிலிருந்து அழைப்பு வந்தால், மாடல் பெயரைச் சொல்வதற்கு முன் என்ன படிப்பு, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் வாங்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். புதிதாக வாங்கிய பிறகு உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய மடிக்கணினி சும்மா கிடக்கலாம். உங்கள் தகவல்களை முழுமையாக அழித்துவிட்டு, பேட்டரியையும் ரேமையும் மாற்றி, லினக்ஸ் போட்டு, உங்கள் தெருவிலோ ஊரிலோ படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்த அன்று ஒரு மாலை கூட உட்கார்ந்து, முதல் நிரலை அவள் கையாலேயே எழுத வையுங்கள். பிழை வந்தால் நீங்கள் திருத்தாதீர்கள், அவளே படித்துத் திருத்தட்டும்.